நொய்யல் முதலில் வற்ற வேண்டுமா?

திருப்பூரில் ஆற்றில் குளிக்க ஆசைப்படும் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை வண்டி ஏறிக் கொடிவேரிக்குப் போகிறது. இல்லையென்றால் உடுமலை வழியாகத் திருமூர்த்திமலைக்கோ அமராவதி அணைக்கோ போகிறது. ஊரின் நடுவில் ஓடும் நொய்யலைப் பாலத்தின் மேல் கடக்கும்போது பேருந்தின் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார்கள். வெள்ளியங்கிரி மலைச்சாரலில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களைத் தொட்டு, நொய்யல் என்ற பெயருள்ள ஊரிலேயே காவிரியில் கலக்கும் ஆறு இது. கரையில் இத்தனை லட்சம் பேர் வாழ்ந்தும் இதை ஆண்டு முழுதும் அனுபவிக்க முடியாதது ஏன், என்றைக்காவது முடியுமா என்ற கேள்வி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்கப்பட்டு வருகிறது. சாயத்தை நிறுத்து, கரையைக் கட்டு, குளத்தைப் பார், சுத்திகரித்த நீரை விடு என்று விடைகளும் வரிசையாக வந்திருக்கின்றன.

இவை ஒவ்வொன்றிலும் உண்மை உண்டு. ஆனால் ‘ஆண்டு முழுதும்’ என்ற சொல்லை ஆண்டு முழுதும் தண்ணீர் என்று அர்த்தப்படுத்திக்கொண்ட குறை அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கிறது. நொய்யல் இயல்பில் பருவ ஆறு. கோடையில் அது வற்றுவது நோயல்ல. இன்றைக்கு அது வற்றாமல் ஓடுவதைத்தான் நோயின் அடையாளமாகப் பார்க்க வேண்டும். இக்கட்டுரை விடைகளை அந்தக் கோணத்திலிருந்து எடைபோடுகிறது.

பஞ்சாங்கத்தில் இருந்த ஆறு

நொய்யலுக்குக் காஞ்சிமாநதி என்று பழைய பெயர் உண்டு. பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலின் படித்துறையில் ஆடிப்பெருக்குக்கும் ஆடி அமாவாசைக்கும் கூட்டம் கூடுவது இன்றும் நிற்கவில்லை. கொங்குப் பகுதியின் ஆற்றங்கரைப் பொழுதுபோக்கு எதுவென்று தேடினால் கிடைப்பவை பெரும்பாலும் நாள் குறித்த நிகழ்ச்சிகளே. ஆடி பதினெட்டுக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போவார்கள். தைப்பொங்கலை அடுத்துப் பெண்களும் சிறுமிகளும் கூடையோடு பூப்பறிக்கக் கிளம்புவார்கள். வெயில் ஏறுவதற்குள் காட்டோரத்தில் ஆவாரம்பூவைப் பறித்துக்கொண்டு, ஆற்றங்கரையிலோ குளக்கரையிலோ மலையடிவாரத்திலோ உட்கார்ந்து புளிச்சோறும் தயிர்ச்சோறும் பகிர்ந்து தின்று, கும்மி தட்டிவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் திரும்புவார்கள். இதில் குளியல் கட்டாயமில்லை. ஆறு அன்றைக்கு உட்கார ஓர் இடம்.

இந்த மரபை முன்வைத்துப் பேசுபவர்களின் வாதம் எளியது: ஆறு ஒரு காலத்தில் மக்களுடையதாக இருந்தது, அதை மீட்டால் போதும். இதில் இரண்டு பலவீனங்கள் தெரிகின்றன. எல்லா மக்களுடையதாகவும் ஆறு இருந்ததா என்பது முதல் ஐயம். படித்துறையும் கிணறும் சாதி பார்த்துப் பிரிக்கப்பட்ட ஊர்களில், ஆற்றின் எந்த வளைவில் யார் இறங்கலாம் என்பதும் எழுதாத விதியாகவே இருந்திருக்க வேண்டும். இரண்டாவது, இந்த மரபு ஆண்டு முழுதும் ஆற்றைக் கேட்கவே இல்லை. ஆனியில் மலையில் மழை பிடித்தால் ஆடியில் புதுவெள்ளம். ஐப்பசி, கார்த்திகையில் ஊர்மழையின் வெள்ளம். மார்கழி, தையில் கணுக்கால் அளவு தெளிந்த நீர். மாசிக்குப் பிறகு மணல். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பயன் இருந்தது. மரபைப் புகழ்கிறவர்கள் பொதுவாக ஆடியை நினைவுகூர்கிறார்கள், பங்குனியை மறந்துவிடுகிறார்கள்.

ஆற்றின் பருவத்தன்மைக்கு வலுவான சான்று அதன் மேல் கட்டப்பட்டவைதான். சித்திரைச்சாவடி தொடங்கிக் கிழக்கே இருபதுக்கும் மேற்பட்ட தடுப்பணைகள், அவற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்கள், அவை நிரப்பும் குளங்கள் என்று உக்கடம், சிங்காநல்லூர், சூலூர், சாமளாபுரம், ஆண்டிபாளையம் வரை ஒரு சங்கிலி நீள்கிறது. வற்றாத ஆற்றுக்கு யாரும் இத்தனை குளம் வெட்டமாட்டார்கள். சில வார வெள்ளத்தைப் பிடித்துப் பல மாதம் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் திருப்பூர்ச் சமவெளியில் வேறு வழியும் இருந்திருக்காது. ஆற்றின் வேலை நிரப்புவது, தேக்கி வைக்கும் வேலை குளத்துக்கு.

சாயம் என்ற விடை

கேள்வி இன்றைய வடிவத்தை எடுத்தது பின்னலாடைத் தொழில் ஏற்றுமதிக்குத் திரும்பிய பிறகு. பருத்தித் துணிக்கு இங்கே பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம்தான். தொட்டியில் துணியும் சாயமும் மட்டும் இருந்தால் சாயத்தில் பெரும்பகுதி தண்ணீரிலேயே தங்கிவிடும். அதைத் துணியின் பக்கம் தள்ள உப்பு வேண்டும். சாதா உப்பையோ சோடியம் சல்பேட்டையோ மூட்டை மூட்டையாகக் கொட்டுவார்கள். சாயத்தில் பெரும்பகுதி இழையோடு ஒட்டிக்கொள்ளும், உப்பு ஒட்டாது. அலசும் தண்ணீரோடு அது முழுக்க வெளியே வந்துவிடும். சுண்ணாம்பும் இரும்புச் சல்பேட்டும் போட்டு நிறத்தை ஓரளவு படியவைக்கலாம். கரைந்த உப்பு அதற்கெல்லாம் மசியாது. நிறம் குறைந்த தண்ணீரைக் காட்டி ‘சுத்திகரித்துவிட்டோம்’ என்று சொன்ன ஆண்டுகளிலும் நிலத்தடி நீர் உப்பேறிக்கொண்டே இருந்ததற்கு இதுதான் காரணம்.

சென்னிமலைக்கு அருகே 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை இந்தக் கதையின் சோதனைக்களம். பாசனத்துக்கென்று கட்டிய அணை சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவின் தேக்கமாயிற்று. எந்த விவசாயிகளுக்காகக் கட்டினார்களோ அவர்களே ‘அணையில் தண்ணீர் தேக்காதீர்கள்’ என்று கேட்கும் நிலை வந்தது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் உயர்நீதிமன்றம் போனார்கள். இழப்பை மதிப்பிட்ட ஆணையம் இழப்பீட்டுக்கு உரியவர்களாகக் கணக்கிட்ட விவசாயிகள் சுமார் 28 ஆயிரம் பேர். 2006 டிசம்பரில் உயர்நீதிமன்றம் வெளியேற்றும் கழிவுநீருக்கு லிட்டர் கணக்கில் அபராதம் விதித்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற நெறியை 2009இல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. 2011 ஜனவரி 28 அன்று எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூட உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே வீச்சில் நின்றன. அரசின் வட்டியில்லாக் கடனோடு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஜீரோ டிஸ்சார்ஜ் முறைக்கு மாறின. சவ்வூடு வடிகட்டிப் பெரும்பகுதி நீரை மீட்பது, எஞ்சிய உப்புநீரைக் காய்ச்சி உப்பைப் பிரிப்பது, இரண்டையும் மறுபடி சாயத்தொட்டிக்கே அனுப்புவது என்பது அந்த முறை. செலவு அதிகம்தான். ஆனாலும் ஒரு தொழில் நகரம் மொத்தமும் இதை ஏற்று நடத்துவது உலக அளவில் அரிது என்பதை எதிர்த்தரப்பும் ஒப்புக்கொள்ளும்.

‘சாயத்தை நிறுத்தினால் ஆறு திரும்பும்’ என்ற நிலைப்பாடு சட்டத்தில் அநேகமாக வென்றுவிட்டது என்று சொல்லலாம். மழை பெய்யும் இரவில் தொட்டியைத் திறந்துவிடும் பட்டறைகள் பற்றிய புகார்கள் இன்னும் வருகின்றன என்றாலும், 1990களின் நிலையோடு இன்றையதை ஒப்பிட முடியாது. பிறகு ஏன் யாரும் ஆற்றில் இறங்குவதில்லை?

அளவுகோல் மாறிய இடம்

விடை, விவசாயியின் ஆறும் குளிப்பவரின் ஆறும் வேறு வேறு என்பதில் இருக்கிறது. வழக்கு முழுவதும் சுழன்றது கரைந்த திடப்பொருளைச் சுற்றி. நீர்நிலையில் விடும் கழிவுநீரில் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்பதே வரம்பு. தென்னையும் மஞ்சளும் வாழ்கின்றனவா சாகின்றனவா என்பதை உப்பு தீர்மானிப்பதால் அந்த அளவுகோல் நியாயமானது. குளிப்பதற்கான நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் ‘பி’ வகுப்பின் கேள்விகளோ வேறு. அமில, காரத் தன்மை 6.5இலிருந்து 8.5க்குள் இருக்கிறதா? கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது உண்டா? உயிர்வேதி ஆக்சிஜன் தேவை 3 மில்லிகிராமைத் தாண்டாமல் இருக்கிறதா? 100 மில்லிலிட்டரில் கோலிஃபார்ம் கிருமிகள் 500க்குள் அடங்குகின்றனவா? உப்பு இந்தப் பட்டியலிலேயே இல்லை. குடற்கிருமி இருக்கிறது.

ஆக, சாயப்பட்டறைகள் ஒரு சொட்டுக்கூட விடாத நாளிலும் நொய்யல் குளியல் வகுப்பை எட்டாமல் போகலாம். தடுப்பது வீட்டுச் சாக்கடை. கோவையின் சாக்கடையும் திருப்பூரின் சாக்கடையும் இடையிலுள்ள பேரூர்களின் சாக்கடையும் ஓடைகள் வழியாக இந்த ஆற்றுக்கே வருகின்றன. பாலத்தடியில் திரளும் வெண்ணுரையைப் பார்த்ததும் சாயம் என்று கைநீட்டுவது வழக்கமாகிவிட்டது. துணி துவைக்கும் சோப்புத்தூளுக்கும் அந்த நுரையில் பங்குண்டு. சாயப்பட்டறைக்குச் சொந்தக்காரர் உண்டு, கேட் உண்டு, மின் இணைப்பு உண்டு. நீதிமன்றம் அதைப் பூட்டலாம். சாக்கடைக்குச் சொந்தக்காரர் நகரத்து மக்கள் எல்லோரும். முப்பதாண்டு விவாதம் முதல் எதிரியின் மேலேயே நிலைத்து நின்றதற்கு இது ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

கரையைக் கட்டியவர்கள்

தண்ணீர் சரியாகும்வரை காத்திருக்க வேண்டாம், கரையை முதலில் நடக்கத்தக்கதாக்குவோம் என்பது அடுத்த நிலைப்பாடு. 2017இல் திருப்பூர் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் இடம்பெற்றபின் இது வேகம் பிடித்தது. நொய்யலின் இரு பக்கமும் தடுப்புச்சுவர், கரைச்சாலை, விளக்குகள் என்று வேலை நடந்தது. இதற்கு முன்மாதிரி அகமதாபாத்தின் சபர்மதி. இன்னொரு முன்மாதிரி சியோலின் சியோங்கியேசியோன். சாலைக்கு அடியில் புதைந்திருந்த ஓடையை 2005இல் 5.8 கிலோமீட்டர் நீளத்துக்கு வெளியே கொண்டுவந்தார்கள். படத்தில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்.

படத்தில் தெரியாதது, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது. சியோல் ஓடைக்கு ஹான் ஆற்றிலிருந்து மோட்டார் வைத்து நீர் ஏற்றுகிறார்கள். சபர்மதிக்கு நர்மதைக் கால்வாய் நீர் தருகிறது. நகரத்தின் முடிவில் வாசணா தடுப்பணை அதை நிறுத்தி வைக்கிறது. அணைக்குக் கீழே இருப்பது வேறு ஆறு. நொய்யலுக்கு அப்படிக் கடன் தர அருகில் நர்மதை இல்லை. இருக்கும் பவானியிலும் ஏற்கெனவே ஒவ்வொரு சொட்டுக்கும் ஆயக்கட்டும் குடிநீர்த் திட்டமும் உரிமை கொண்டாடுகின்றன.

இரண்டாவது பலவீனம் வெள்ளம். பருவ ஆறு பதினோரு மாதம் ஒடுங்கிக் கிடந்தாலும் ஒரு வாரம் முழு அகலத்தையும் கேட்கும். 2011 நவம்பரில் ஜம்மனை ஓடையும் நொய்யலும் பெருகியபோது கரையோரக் குடியிருப்புகள் உயிர்ச்சேதத்தோடு அதை உணர்ந்தன. சுவர் எழுப்பினால் ஆறு ஆழமான கால்வாயாகிறது. சுவரின் மேல் நடப்பவர் தண்ணீரைக் குனிந்து பார்க்கிறாரே தவிர, அதன் பக்கத்தில் உட்கார முடிவதில்லை. மூன்றாவதாக, கரை அழகாவதற்கு முன் அங்கே குடிசை போட்டிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வி ஏறக்குறைய எல்லா நகரங்களின் ஆற்றங்கரைத் திட்டங்களிலும் எழுந்திருக்கிறது.

ஆனால் கரைக்கட்சியை முழுக்கத் தள்ளவும் முடியாது. தண்ணீரைத் தொடாமலே ஆற்றை அனுபவிக்கலாம் என்ற எண்ணத்தை இந்த விவாதத்துக்குள் கொண்டுவந்தது அதுதான். தை மாதத்தில் திருப்பூரின் நொய்யல் கரையில் பானைகளை வரிசையாக வைத்துப் பெண்கள் பொங்கலிடும் விழா அதற்கு அத்தாட்சி. அன்றைக்குப் பானைக்கு ஊற்றும் தண்ணீர் ஆற்றில் மொண்டதல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

குளத்துக்குத் திரும்புதல்

ஆற்றை விட்டுக் குளங்களைப் பிடிப்போம் என்பவர்களின் வாதத்துக்கு வரலாற்று நியாயம் அதிகம். இந்தப் பள்ளத்தாக்கில் தண்ணீர் ஆண்டின் பெரும்பகுதி நின்ற இடம் குளம்தான். ஊத்துக்குளிச் சாலையில் சர்க்கார் பெரியபாளையத்துக்கு அருகே நல்லாற்றின் மேல் கிடக்கும் நஞ்சராயன் குளம் 2022இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024இல் ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. சுமார் 125 ஹெக்டேர் பரப்புள்ள இந்தக் குளத்துக்கு இமயத்தைத் தாண்டிப் பறந்துவரும் பட்டைத்தலை வாத்தும் வருவதுண்டு. பனியன் கம்பெனிகளிலிருந்து கூப்பிடு தூரத்தில் மார்கழிக் காலையில் வலசைப் பறவை பார்க்கக் கிடைப்பது சாதாரண வரவல்ல. ஆண்டிபாளையம் குளத்தில் படகு சவாரி வந்திருக்கிறது. கோவையில் வாலாங்குளமும் உக்கடம் பெரியகுளமும் மாலை நடைக்கான இடங்களாகிவிட்டன. மரம் நடுவதில் 2015இல் தொடங்கிய ‘வனத்துக்குள் திருப்பூர்’ இயக்கமும் இதே திசையில் மக்களைத் திருப்பியது.

இதில் உள்ள முரண்பாடு பறவைக்கும் படகுக்கும் இடையிலானது. விசைப்படகு ஓடும் குளத்தில் வாத்து தங்காது. வாத்து தங்கும் குளத்தில் கூட்டத்தை அனுமதிக்க முடியாது. எல்லாக் குளத்தையும் ஒரே மாதிரி ஆக்காமல், எது மனிதருக்கு, எது பறவைக்கு என்று பிரித்தால் இது தீரக்கூடிய சிக்கலே. தீராத சிக்கல் ஒன்று பின்னால் நிற்கிறது. குளத்துக்கு நீர் கொண்டுவருவது அதே ஆறும் அதே ஓடையும்தான். ஆற்றில் சாக்கடை ஓடும்வரை குளம் அதன் தொட்டியாகவே இருக்கும், ஆகாயத்தாமரை அதன் மேல் போர்வையாகப் படரும். குளக்கட்சி ஆற்றைத் தவிர்க்க நினைத்தாலும் ஆறு அதை விடுவதாக இல்லை.

கோடையில் ஓடும் தண்ணீர் யாருடையது

இனி இக்கட்டுரையின் மையத்துக்கு வரலாம். பங்குனி, சித்திரையில் மலையில் மழையில்லை, குளங்கள் வறண்டுவிட்டன, நிலத்தடி நீர் நூற்றுக்கணக்கான அடி கீழே போய்விட்டது. அப்போதும் திருப்பூர்ப் பாலத்தடியில் கறுத்த தண்ணீர் ஓடுகிறது. அது எங்கிருந்து வருகிறது? கோவைக்குச் சிறுவாணியும் பில்லூரும் குடிநீர் தருகின்றன. திருப்பூருக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து பவானி நீர் வருகிறது. 2005இல் நியூ திருப்பூர் ஏரியா டெவலப்மெண்ட் கார்ப்பரேஷன் நாளொன்றுக்கு 185 மில்லியன் லிட்டர் திட்டத்தில் பவானிக்கு அருகிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர் குழாய் போட்டு ஊருக்கும் ஆலைகளுக்கும் நீர் கொண்டுவந்தது. இத்தனை நீரும் வீட்டிலும் விடுதியிலும் ஓட்டலிலும் புழங்கிவிட்டு நொய்யலில் இறங்குகிறது. கோடையில் நொய்யலில் ஓடுவது நொய்யலின் நீரே அல்ல. பெரும்பாலும் அது பவானிப் படுகையின் நீர், குழாய் வழியாக வந்து சாக்கடை வழியாகப் போகிறது. மழைமறைவுப் பகுதியின் பருவ ஆறு வற்றாத ஆறாக மாறியது இப்படித்தான்.

எனவே ‘ஆண்டு முழுதும் ஓடும் நொய்யல்’ என்ற கனவு ஒரு விதத்தில் ஏற்கெனவே நிறைவேறிவிட்டது. நாம் பார்த்துக்கொண்டிருப்பது அதைத்தான். ஆண்டு முழுதும் அனுபவிக்கத்தக்க நொய்யல் வேண்டுமானால் அது முதலில் கோடையில் வற்றக் கற்றுக்கொள்ள வேண்டும். சாக்கடையைக் குழாயில் பிடித்து, ஆற்றுக்குள் விடாமல் நிறுத்தினால் மாசியிலிருந்து வைகாசி வரை மணலும் பாறையும் சில பள்ளங்களில் ஊற்றுநீரும் மிஞ்சும். அதில் நடக்கலாம், பிள்ளைகள் விளையாடலாம், சந்தை போடலாம். வறண்ட ஆற்றை அனுபவிப்பது தமிழருக்குப் புதிதல்ல. மதுரையில் சித்திரைத் திருவிழாவுக்கு லட்சக்கணக்கானோர் கூடுவது கோடை வைகையின் படுகையில்தான். அழகர் இறங்குவதற்கென்று அணையிலிருந்து கொஞ்சம் தண்ணீர் திறந்துவிடுகிறார்கள். அந்தக் கொஞ்சத்துக்குக் கிடைக்கும் வரவேற்பு வற்றாத ஆறுகளுக்குக் கிடைப்பதில்லை.

செல்வந்த நாடுகளின் அனுபவமும் இதற்கு ஒத்துப்போகிறது. மியூனிக் நகரம் இசார் ஆற்றைப் பத்தாண்டுக்கும் மேலாக உழைத்து 2011இல் மீட்டெடுத்தது. அங்கேகூட மேற்பகுதிச் சுத்திகரிப்பு நிலையங்களில் புற ஊதாக்கதிரால் கிருமி நீக்குவது குளியல் பருவத்துக்கு மட்டும்தான். பாரிஸில் 1923இல் தடைசெய்த சேன் ஆற்றுக் குளியலை 2025 கோடையில் மூன்று இடங்களில் திறந்தார்கள். பெருமழை பெய்தால் கிருமி எண்ணிக்கை ஏறும் என்பதால் அன்றைக்கு மூடிவிடுகிறார்கள். இவர்கள் யாரும் ஆண்டு முழுதும் குளியலுக்கு ஆசைப்படவில்லை. நாம் விரும்பிப் போகும் கொடிவேரியே இன்னொரு சான்று. அங்கே மற்ற ஆறுகள் வற்றும் மாதங்களிலும் தண்ணீர் விழுவதற்குக் காரணம் மேலே பவானிசாகரில் தேங்கும் 32 டிஎம்சிக்கும் அதிகமான நீரும், தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களின் பாசன முறையும். பாசனம் போட்ட பிச்சையில் நடக்கும் பொழுதுபோக்கு என்றே அதைச் சொல்லலாம். நொய்யலுக்கு மேலே அப்படியோர் அணை இல்லை, வரப்போவதாகவும் தெரியவில்லை.

எழும் மறுப்புகள்

வறண்ட படுகை ஆக்கிரமிப்பையும் குப்பையையும் வரவேற்கும் என்பது முதல் மறுப்பு. வலுவான மறுப்பும்கூட. கட்டிங் வேஸ்ட்டும் கோழிக்கழிவும் கொட்ட இடம் தேடும் ஊரில் காய்ந்த ஆறு கண்ணில் படாமல் போகாது. சீமைக்கருவேலமும் வந்து நிற்கும். ஆனால் கறுத்த நீர் ஓடும் இன்றைய ஆற்றிலும் இவை அத்தனையும் நடக்கின்றன. குப்பை கொட்டாமல் தடுப்பது தண்ணீர் அல்ல, ஆள் நடமாட்டம். யாருமே இறங்காத ஆற்றைக் காவல் காக்கவும் யாரும் இருக்கமாட்டார்கள்.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது: சாக்கடையை நிறுத்துவானேன், நன்றாகச் சுத்திகரித்து ஆற்றிலேயே விட்டால் சுத்தமான வற்றாத ஆறு கிடைக்குமே. அமெரிக்காவில் சான் அன்டோனியோவின் ஆற்றுநடைக்கு 2000இலிருந்து மறுசுழற்சி நீர் துணை செய்கிறது. பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீர் 2018இலிருந்து கோலார் மாவட்டக் குளங்களை நிரப்புகிறது. தொழில்நுட்பத்தில் இது முடியாத காரியமல்ல. சிக்கல் பங்காளிகளில் இருக்கிறது. அதே நீரைச் சாயப்பட்டறை விலைக்குக் கேட்கும், கீழ்ப்பகுதி விவசாயி உரிமையாகக் கேட்பார். காசு கொடுத்து வாங்குபவர் இருக்கும்போது மாநகராட்சி அதை ஆற்றுக்குத் தானமாக விடுமா என்பது சந்தேகம். சுத்திகரிப்பு நிலையம் ஒருநாள் நின்றாலும் அன்றைய சாக்கடை நேராகக் குளிப்பவரின் மேல் விழும் என்ற ஆபத்தும் உண்டு. எனவே குளங்களில் ஒன்றிரண்டை இப்படி நிரப்பிச் சோதிப்பது பொறுக்கத்தக்க தொடக்கம். குளத்தை மூடலாம், ஆற்றை மூட முடியாது.

மூன்றாவது மறுப்பு அடிக்கடி காதில் விழுவது: ஒன்றரை ஷிஃப்ட் பார்க்கும் பனியன் கம்பெனித் தொழிலாளிக்கு ஆற்றங்கரையில் உட்கார ஏது நேரம், இதெல்லாம் வசதி படைத்தவர்களின் பேச்சு. நேரம் குறைவாக இருப்பதே அருகில் இடம் தேவை என்பதற்கான காரணம். லைன் வீட்டில் ஓர் அறையில் நாலைந்து பேராகத் தங்கியிருக்கும் ஒடிசா, பீகார் இளைஞருக்கும், தேனி, மதுரைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பத்துக்கும் ஞாயிறு மாலை காசில்லாமல் காலாற நடக்க இருக்கும் இடங்கள் சொற்பம். கொடிவேரிக்குப் போய்வர ஒரு பகலும் பேருந்துக் கட்டணமும் வேண்டும். ஆறு வேண்டுமென்று அதிகம் கேட்கத் தகுதி உடையவர் அந்தத் தொழிலாளிதான்.

தீராமல் நிற்பவை

மேலே சொன்னதை வைத்து நொய்யல் வறண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று முடிப்பது அவசரம். பழைய நொய்யல் உண்மையில் எத்தனை மாதம் ஓடியது என்பதே விவாதத்துக்குரியது. குளங்கள் நிரம்பி, கிணறுகள் பத்தடியில் தண்ணீர் காட்டிய காலத்தில் நிலத்தடியிலிருந்து ஊறி ஆறு கோடையிலும் மெல்லக் கசிந்திருக்கலாம். அப்படியானால் முழு வறட்சியும் இயல்பு அல்ல, ஆழ்துளைக் கிணறுகளின் விளைவு. மேலே குளங்கள் சுத்தமாக நிரம்பத் தொடங்கிய பிறகே இது தெளியக்கூடும். தென்மேற்குப் பருவமழை மலையில் பெய்யும் முறையும் மாறிக்கொண்டிருக்கிறது. ஆடிக்கான புதுவெள்ளம் ஆவணிக்குத் தள்ளிப்போனால் நாள் குறித்த மரபு எப்படி ஈடுகொடுக்கும் என்பதும் பார்க்க வேண்டியதே. படுகையில் இத்தனை ஆண்டு படிந்த உப்பும் சாயக்கசடும் மணலோடு எவ்வளவு தூரம் கலந்திருக்கின்றன, அதில் பிள்ளைகள் விளையாடலாமா என்பது பரிசோதனைச்சாலை சொல்ல வேண்டிய விடை.

பொறுப்பு யாரிடம் என்பது எல்லாவற்றையும்விடச் சிக்கலானது. ஆற்றின் படுகை நீர்வளத்துறையிடம் இருக்கிறது. சாக்கடைக்கு மாநகராட்சியும் பேரூராட்சிகளும் பொறுப்பு. சாயத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும், பறவையை வனத்துறையும், படகைச் சுற்றுலாத்துறையும் பார்க்கின்றன. குளிக்கத்தக்க நாள் எது என்று கரையில் ஒரு பலகை வைக்கவேண்டுமானால் அதை எழுதும் கை யாருடையது என்று இதுவரை முடிவாகவில்லை. திருப்பூர் எடுக்கும் எந்த முடிவும் கிழக்கே ஒரத்துப்பாளையத்துக்குப் போய்ச் சேரும். ஊருக்குள் தடுப்பணை போட்டுப் படகு விட்டால் அங்கே வெள்ளம் குறையும். சாக்கடையை நிறுத்தினால் அங்கே கோடை நீர் நிற்கும். அந்த நீரை வேண்டாம் என்று 1990களில் சொன்ன ஆயக்கட்டு விவசாயிகள், அது உப்பில்லாத சுத்திகரித்த நீராக வந்தால் என்ன சொல்வார்கள் என்பதை அவர்களிடம் கேட்டாக வேண்டும்.